யூனிட் கணக்கைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கரண்ட் சம்பந்தமானவைதான். காற்று, வெயில், தண்ணீர் மூன்றையும் வைத்து நம் நாடு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதற்கே முழு இடத்தையும் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: இந்தியாவின் மின்சாரத்தில் பாதி இப்போது நிலக்கரி இல்லாமல் வருகிறது, 2030-ல் எட்ட வேண்டியதை ஐந்து வருடம் முன்பே எட்டிவிட்டோம் என்று 2025 ஜூலையில் படித்தேன். அப்படியானால் தூத்துக்குடி துறைமுகத்தில் இன்னும் ஏன் இவ்வளவு நிலக்கரி இறங்குகிறது?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: செய்தி சரிதான். ஆனால் அந்தப் பாதி, மின்சாரத்தில் பாதி இல்லை; மின்நிலையங்களின் திறனில் பாதி. 2025 ஜூன் கடைசியில் நாட்டில் இருந்த எல்லா மின்நிலையங்களின் நிறுவுதிறன், அதாவது எல்லாம் முழு மூச்சில் ஓடினால் ஒரே நேரத்தில் தரக்கூடியது, சுமார் 485 கிகாவாட் (ஒரு கிகாவாட் என்பது ஆயிரம் மெகாவாட்). அதில் 243 கிகாவாட்டை ஒட்டி, நிலக்கரி, எரிவாயு, டீசல் எதுவும் எரிக்காத நிலையங்கள். 50 சதவீதம் என்று சொன்னது இதைத்தான். அதிலும் ஒன்றைக் கவனியுங்கள், கூடங்குளம், கல்பாக்கம் மாதிரியான அணுமின் நிலையங்களும் கிட்டத்தட்ட 9 கிகாவாட் அளவுக்கு இந்தக் கணக்கில் சேர்த்தி. அதைப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று யாரும் சொல்வதில்லை, 'புதைபடிவம் அல்லாதது' என்ற தலைப்பில் உள்ளே வந்துவிடுகிறது.

உங்கள் பக்கத்துக் கதையாகவே சொல்கிறேன். தோட்டத்தில் 5 எச்.பி. மோட்டார் இறக்கியிருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அது நிறுவுதிறன். த்ரீ பேஸ் எத்தனை மணி நேரம் வந்தது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடந்தது, கடைசி வரப்பு வரைக்கும் பாய்ந்ததா என்பதெல்லாம் வேறு கணக்கு, விளைச்சலைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கணக்குதான். ஒரு மெகாவாட் நிலையம் வருடம் முழுக்க, 8,760 மணி நேரமும் நிற்காமல் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் வரவேண்டும். நம் நாட்டில் ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்குத் தருவது ஏறக்குறைய 15 முதல் 17 லட்சம் யூனிட், ராத்திரியில் வெயில் கிடையாதே. காற்றாலைகள் பழசும் புதுசும் சேர்த்துச் சராசரி 18 லட்சத்தை ஒட்டி வரும், இப்போது நடுகிற உயரமான மெஷின் நல்ல இடத்தில் நின்றால் 25 லட்சத்தைத் தாண்டும். நிலக்கரி நிலையமோ 60 லட்சம் வாக்கில் தந்துவிடுகிறது. ஆக, ஒரு மெகாவாட் அனலுக்கு ஒரு மெகாவாட் சோலார் என்று தராசில் வைத்தால் தட்டு சமமாக நிற்காது.

2023-24 நிதியாண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் நிறுவுதிறனில் புதுப்பிக்கத்தக்கவற்றின் பங்கு, பெரிய அணைகளையும் சேர்த்து, 43 சதவீதம். அந்த ஆண்டு நாட்டில் உற்பத்தியான 1,73,900 கோடி யூனிட்டில் இவை தந்தது சுமார் 36,000 கோடி யூனிட், அதாவது 21 சதவீதத்துக்கும் கொஞ்சம் கீழே. மீதியில் பெரும்பகுதி நிலக்கரிதான், உங்கள் துறைமுகத்தில் இறங்குவது அதற்குத்தான். இந்த இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போடாமல் எந்தச் செய்தி வந்தாலும், அது முழுச் செய்தி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு வருடமும் காற்றாலையும் சோலாரும் கூடிக்கொண்டேதானே போகிறது? அப்புறம் எப்படி ஒரு வருடம் பங்கு குறைய முடியும்? அலுவலகத்தில் இதை வைத்துப் பெரிய வாக்குவாதமே நடந்தது.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: முடியும், நடந்தும் இருக்கிறது. நான் மேலே சொன்ன அதே 2023-24-ல்தான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022-23-ல் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு மொத்த உற்பத்தியில் சுமார் 22.5 சதவீதம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 18 கிகாவாட்டுக்கு மேல் புதிதாக நட்டார்கள், ஆனால் பங்கு 21-க்குக் கீழே இறங்கிவிட்டது. காரணம் தண்ணீர். 2023-ல் தென்மேற்குப் பருவமழை காலை வாரிவிட்டது, பெரிய அணைகளின் மின்சாரம் 16,200 கோடி யூனிட்டிலிருந்து 13,400 கோடிக்குச் சரிந்தது. சோலாரும் காற்றும் அந்த ஆண்டு கூடுதலாகத் தந்த 2,200 கோடி யூனிட் இந்தக் குழியை நிரப்பவே போதவில்லை. அதே நேரம் நாட்டின் மின்தேவை ஏறிக்கொண்டே இருந்தது, அந்த ஏற்றம் முழுவதையும் நிலக்கரி எடுத்துக்கொண்டது.

மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருடம் சேலத்துக்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு வருடக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போனோம், கீழே போனோம் என்று பேசாதீர்கள், ஐந்து வருடமாவது சேர்த்துப் பாருங்கள், முடிந்தால் நீர்மின்சாரத்தைத் தனியாகவும் காற்று, சோலாரைத் தனியாகவும் எழுதிப் பாருங்கள். 2024-25-ல் மழை பரவாயில்லை, பங்கு மறுபடி 22 சதவீதத்துக்கு வந்தது. சோலார் மட்டும் அந்த ஆண்டு 14,400 கோடி யூனிட்டைத் தொட்டுவிட்டது, அந்த வளர்ச்சிதான் மழையை நம்பாத வளர்ச்சி. வாக்குவாதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை!

கேள்வி: அணை மின்சாரம் புதுப்பிக்கத்தக்கதா, இல்லையா? ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மாதிரி இருக்கிறது.
– போட்டித் தேர்வு எழுதும் ஒருவர், மதுரை

பதில்: புத்தகத்தின் வருடத்தைப் பாருங்கள். 25 மெகாவாட்டுக்கு உட்பட்ட சிறு நீர்மின் நிலையங்களைத்தான் இந்திய அரசு முன்பு இந்தக் கணக்கில் சேர்த்தது. 2019 மார்ச்சில் பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்கவை என்று அறிவித்தார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு யூனிட்கூட வந்துவிடவில்லை, பட்டியலில் மட்டும் 45 கிகாவாட் சேர்ந்தது. அதனால் 2018-ன் எண்ணையும் 2020-ன் எண்ணையும் அப்படியே ஒப்பிடுகிறவர்கள் தவறு செய்கிறார்கள். தேர்வில் கேட்டால் 'பெரிய நீர்மின்சாரம் உட்பட' என்று எழுதிவிட்டு எண்ணைப் போடுங்கள்.

கேள்வி: நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஆரல்வாய்மொழியில் பார்க்கிறேன். ஆடி மாசம், ஆளைத் தள்ளுகிற காற்று, ஆனால் பத்து காத்தாடியில் மூன்று சும்மா நிற்கிறது. பணத்தைக் கொட்டிவிட்டு ஏன் இப்படி?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: ஜன்னலோரம் உட்கார்ந்து நீங்கள் எண்ணிக்கொண்டு வந்ததே எனக்குப் பிடித்திருக்கிறது. பல காரணங்கள் உண்டு. சில மெஷினுக்குப் பராமரிப்பு, கியர்பாக்ஸ் போயிருக்கும், கிரேன் வரக் காத்திருப்பார்கள். சில ரொம்பப் பழசு. தமிழ்நாட்டில் காற்றாலை வந்தது நேற்று இன்று இல்லை, 1986-லேயே தூத்துக்குடி முள்ளக்காட்டில் நட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு தொண்ணூறுகளில் முப்பந்தல் பக்கம் மளமளவென்று வந்தவற்றில் பல 250 கிலோவாட், அதற்கும் குறைந்த சின்ன மெஷின்கள். கணவாய்க் காற்று பலமாக அடிக்கிற முதல்தர இடத்தில் இந்தச் சின்ன மெஷின்கள் நிற்கின்றன, இன்றைக்கு ஒரே கம்பத்தில் 2 அல்லது 3 மெகாவாட் வைக்கலாம். பழசைக் கழற்றிவிட்டுப் புதிதாக நட 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. நிலம் ஒருவர் பெயரில், மெஷின் இன்னொருவர் பெயரில், பக்கத்து மெஷினுக்கு விட வேண்டிய இடைவெளி என்று சிக்கல்கள் இருப்பதால் இது மெதுவாகத்தான் நகரும்.

நான் வருத்தப்படுகிற காரணம் இன்னொன்று. காற்று அடிக்கும், மெஷினும் நன்றாக இருக்கும், ஆனாலும் நிறுத்தச் சொல்வார்கள். அந்த நேரத்தில் வாங்க ஆள் இருக்காது, அல்லது கொண்டுபோக லைனில் இடம் இருக்காது. அனல் நிலையத்தைச் சட்டென்று அணைத்துச் சட்டென்று ஏற்ற முடியாது, அதற்கென்று ஒரு குறைந்தபட்ச ஓட்டம் உண்டு, ஆகவே காற்றாலையைக் குறைக்கச் சொல்வதுதான் அவர்களுக்கு எளிது. ராஜஸ்தானில் 2025-ல் சோலாருக்கு இதே கதை, பேனல்கள் தயார், உச்சி வெயில் தயார், லைன் இல்லை. நிறுவுதிறன் கணக்கில் இந்த மெஷின்களும் பேனல்களும் முழுசாக இருக்கும். வீணாய்ப் போன யூனிட்டோ மாதாந்திர அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்காது. எத்தனை யூனிட்டை ஓடவிடாமல் நிறுத்தினோம் என்று ஒவ்வொரு மாநிலமும் மாதா மாதம் எல்லோருக்கும் தெரியும்படி எழுதிப் போட வேண்டும் என்று நான் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வெயில் போனபின் என்ன செய்வது? ராத்திரி எட்டு மணிக்குத்தானே எல்லா வீட்டிலும் ஏசி ஓடுகிறது?
– ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. வால்பாறை மலையில் காடம்பாறை நீரேற்று மின்நிலையம், மலைக்குள் குடைந்து கட்டியது, 100 மெகாவாட்டில் நான்கு மெஷின், எண்பதுகளின் கடைசியில் ஓட ஆரம்பித்தது. மின்சாரம் மிஞ்சுகிற நேரத்தில் மேல் ஆழியாறு நீர்த்தேக்கத்துத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுவார்கள், தேவை எகிறுகிற நேரத்தில் அதே தண்ணீரைக் கீழே விட்டு மின்சாரம் எடுப்பார்கள். ஏற்றச் செலவழிக்கிற மின்சாரம் முழுவதும் திரும்பி வராது, நூறு யூனிட் போட்டால் எழுபது, எழுபத்தைந்து கிடைக்கும், அது பெரிய நஷ்டம் இல்லை. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி இன்னொன்று கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரியும் விலை இறங்கி வருகிறது, இப்போது புது சோலார் டெண்டர்களில் பேட்டரியையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

2024 மே 30 அன்று நாட்டின் மின்தேவை 250 கிகாவாட்டைத் தொட்டது, அது பகல் நேரம், சோலார் கைகொடுத்தது. பகல் உச்சத்தைச் சமாளிப்பது இனி நமக்குப் பெரிய விஷயமே இல்லை என்று நினைக்கிறேன். அந்தி சாய்ந்து விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து ராத்திரி பதினோரு மணி வரை எவ்வளவு யூனிட் நிலக்கரி இல்லாமல் வருகிறது என்ற எண் எனக்கு வேண்டும். நாட்டின் முன்னேற்றத்தை இனிமேல் அந்த ஐந்து மணி நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறேன். நானும் இந்தக் கணக்கில் வருகிறேனா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பாதி வருகிறீர்கள். உங்கள் 3 கிலோவாட் நிறுவுதிறன் பட்டியலில் ஏறிவிடும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் போட்டு 78,000 ரூபாய் மானியம் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கிலும் இருப்பீர்கள். யூனிட் விஷயத்தில்தான் பாதி. நானும் அதே 3 கிலோவாட்தான் போட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். போன பங்குனியில் ஒரு நாள் இன்வெர்ட்டர் திரையில் அன்றைய உற்பத்தி 13 யூனிட் காட்டியது. வாசலில் இருக்கிற இருவழி மீட்டரில் அன்று வெளியே போனதாகப் பதிவானது 8 யூனிட்தான். நடுவில் காணாமல் போன 5 யூனிட்டை மோட்டாரும் ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் பகலிலேயே தின்றுவிட்டன. அந்த ஐந்து மின்வாரியத்தின் கம்பிக்குப் போகவே இல்லை, ஆகவே மீட்டருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் கரண்ட் உபயோகம் குறைந்துவிட்டது போலத்தான் மேலே தெரியும். இப்படி நாடு முழுக்க லட்சக்கணக்கான மாடிகள். மாடி சோலார் பெருகப் பெருகப் பகல் தேவை தானாகவே இறங்கியது போல அறிக்கையில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், வாரம் ஒரு தடவை பேனலைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறீர்களா? நான் பத்து நாள் விட்டுப் பார்த்தேன், ஒரு யூனிட்டுக்கு மேல் குறைந்தது. வெயிலுக்கு முன்னால், காலையில் துடையுங்கள், சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கேள்வி: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, வீட்டுக் கூரை சோலார்களைப் பகல் 3 மணி வரை நிறுத்தி வையுங்கள் என்று இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டதே! இருக்கிற வெயில் மின்சாரத்தை நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, பெப்ரவரி 9 அன்று, நாடு முழுக்க இருண்டதை நினைத்துப் பாருங்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பகல். பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு புகுந்ததால் என்றார்கள். குரங்கு ஒரு பொறிதான். விடுமுறை நாளில் தேவை குறைவு, கூரை சோலார் ஏராளம், அனல், நீர் நிலையங்களின் பாரமான சுழலிகள் கொஞ்சம்தான் ஓடுகின்றன, அந்த நேரத்தில் ஒரு தட்டு தட்டினால் அலைவெண் (மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்) தாங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் விழும். சின்னத் தீவு, பக்கத்து நாட்டோடு கம்பி இணைப்பு இல்லை, அதனால் தாங்கும் சக்தி இன்னும் குறைவு. நிறுத்தச் சொல்வது முதலுதவி. மருந்து என்பது பேட்டரியும், கூரை சோலாரைத் தூரத்திலிருந்து கூட்டிக் குறைக்கிற ஏற்பாடும்தான். 2030-க்குள் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்கது என்று இலக்கு வைத்திருக்கிற நாடு இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

கேள்வி: 2030-ல் புதைபடிவம் அல்லாத திறன் 500 கிகாவாட் என்கிறார்களே, நடக்குமா, நடக்காதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஒரே வார்த்தையில் முடியாது. இதற்கு முன்பு 2022-க்குள் 175 கிகாவாட் என்றார்கள், பெரிய அணைகள் சேர்க்காமல். அந்த ஆண்டு முடியும்போது கையில் இருந்தது 121. அதில் பெரிய ஏமாற்றம் மாடி சோலார், 40 கிகாவாட் இலக்கில் கால் பங்குகூட வரவில்லை. 2025 நடுவில் 500-க்கு இன்னும் 257 வேண்டியிருந்தது, அங்கிருந்து எண்ணினால் ஐந்தரை வருடம், அதாவது வருடத்துக்கு 47 கிகாவாட். 2024-25-ல் சேர்ந்தது 30-ஐ ஒட்டி, அதுவே அன்றைக்கு ரெக்கார்ட். பேனல் போடுகிற வேகத்தைப் பார்த்தால் எட்டிவிடுவார்கள் அல்லது பக்கத்தில் வந்துவிடுவார்கள் என்றுதான் தோன்றுகிறது. ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட்டை எட்டே மாதத்தில் போட்டு 2016-ல் ஓடவிட்ட நாடு இது. ஆனால் லைனும் சேமிப்பும் கூடவே வராவிட்டால் 500 என்பது பலகையில் எழுதி வைக்கத்தான் உதவும்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 2012 வாக்கில் அவர்களின் மின்சாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நிலக்கரி. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி அனல் நிலையத்தையும் மூடிவிட்டார்கள். மின்தேவை ஏறாத பணக்கார நாடு, நம்மோடு நேராக ஒப்பிட முடியாது, சரி. ஆனால் அங்கே அத்தனை வருடமும் மக்கள் பார்த்த எண் 'நிலக்கரி எத்தனை சதவீதம்' என்பது. அரைமணிக்கு ஒருமுறை அந்த எண் வெளியே வந்தது, நிலக்கரியே இல்லாமல் இத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சொல்லிக்கொண்டார்கள். நாமும் எதை எண்ணுகிறோம் என்பதை மாற்ற வேண்டும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். புதுப்பிக்கத்தக்க மின்சாரம் பற்றி ப்ராஜெக்ட் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் காத்தாடிப் படம் ஒட்டுகிறார்கள். நான் வேறு என்ன செய்யலாம்?
– ஒரு மாணவி, பழனி

பதில்: படம் ஒட்டாதே, ஒரு நோட்டுப் போடு. தினமும் காலை 6 மணி, மாலை 6 மணி, ராத்திரி 10 மணி, மூன்று வேளை வீட்டு மீட்டரைப் பார்த்து எண்ணை எழுது. மாலை எண்ணிலிருந்து காலை எண்ணைக் கழித்தால் பகல் உபயோகம், ராத்திரி எண்ணிலிருந்து மாலை எண்ணைக் கழித்தால் விளக்கு நேர உபயோகம். அடுத்து, கிரிட் இந்தியா என்ற அரசு நிறுவனம் முந்தின நாள் கணக்கைத் தினமும் இணையத்தில் போடுகிறது, தமிழ்நாட்டுக்கு அன்று மொத்தம் எவ்வளவு மின்சாரம், தென் மாநிலங்களில் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எவ்வளவு என்று இருக்கும், அப்பாவையோ அம்மாவையோ எடுத்துத் தரச் சொல். மத்திய மின்சார ஆணையத்தின் மாத அறிக்கையும் இலவசம்தான். இரண்டு வாரம் எழுது. மழை பெய்த நாளையும் ஞாயிற்றுக்கிழமையையும் வேறு கலர் பேனாவில் குறித்துக்கொள். உங்கள் வீடு விளக்கு வைத்த பிறகு எத்தனை யூனிட் எடுக்கிறது, அந்த நேரத்தில் வெயில் மின்சாரம் எத்தனை என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் உனக்கே ஒரு கேள்வி வரும், அதை டீச்சரிடம் கேள். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்பு, அடுத்த மாதம் இதே இடத்தில் போடுகிறேன்.